மேல்வீட்டுக் குசினியில் பிள்ளையார்

எங்கள் வீட்டு அடுப்பில் சாம்பிராணி மணக்கும். கறி மணந்ததில்லை, சோறு வெந்ததில்லை, ஒரு தேத்தண்ணிக்குக்கூட அதில் தண்ணீர் கொதித்ததில்லை. கடையிலிருந்து வந்தபடியே பளபளவென்று வெள்ளையாய் நின்ற அந்த மின்சார அடுப்பின் மேல் அம்மா தன் பழைய பட்டுச் சேலைத் துண்டொன்றை விரித்திருந்தார். முன்பக்கத்துப் பெரிய தட்டில் பிள்ளையார், பக்கத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன், பின்பக்கத்துத் தட்டுகளில் இலட்சுமியும் சரஸ்வதியும் என்று ஆளுக்கொரு தட்டாய் எழுந்தருளியிருந்தார்கள். கீழே கேக் சுட வேண்டிய அறைக்குள் திருநீறும் கற்பூரமும் திரிநூலும் இருந்தன. யாராவது தெரியாமல் சுவிட்சைத் திருகிவிட்டால் சாமிக்குச் சுட்டுவிடுமே என்று அப்பா அந்த அடுப்புக்குரிய பியூஸைக் கழற்றித் தன் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் மேற்குக் கரையோரம், நாங்கள் இப்படித்தான் வாழ்ந்தோம். அந்த அடுப்பால் இருந்த வீட்டையே இழக்கவும் பார்த்தோம்.

எஸ்பியர்க் என்ற துறைமுக நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ரயில் நிற்பதா வேண்டாமா என்று யோசித்து நிற்கிற ஒரு மேடை, இவ்வளவும் இருந்த சின்னப் பட்டினம் அது. அதற்கு முன் நாங்கள் இருந்தது அகதி முகாமாக மாற்றிய பழைய ஹொட்டல் ஒன்றில். எங்கள் ஆட்கள் அதைக் 'காம்ப்' என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை; அந்த அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை; நடையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பல நாட்டுச் சனத்துக்கும் சமைக்க ஒரே குசினி, அதற்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் தினம் ஒரு சண்டை. இலங்கையில் செல்லடிக்கு ஓடியபோது அழாத அம்மா, அந்த அறையில் உடுப்பு மாற்றுவதற்காகக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்று அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அங்கேதான் அவர் நேர்த்தி வைத்தார்: "எங்களுக்கெண்டு பூட்டுற கதவொண்டைத் தா அப்பனே. வருசாவருசம் உன்ரை விரதத்தை ஒரு நாளும் குறையாமல் பிடிக்கிறன்."

பிள்ளையார் கதவைத் தந்தார். கதவோடு ஒரு வீட்டுக்கார அம்மாவையும் தந்தார். ரயில்வேயில் வேலை செய்து இறந்துபோன ஒருவருடைய மனைவி அவர். நெடுத்த உருவம், எப்போதும் நீலக் கோடு போட்ட ஏப்ரன், தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்காத வாய். தான் கீழே இருந்துகொண்டு மேல்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தார். நாங்கள் அவரைக் 'கீழ்வீட்டு அம்மா' என்போம். பக்கத்தில் நின்று கூப்பிடும்போதும் அதே பெயர்தான். அவரும் அது தன் பெயரின் தமிழ் வடிவம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

அப்பாவுக்கு அப்போது வேலை கிடையாது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், இங்கே பள்ளிக்கூட வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து டேனிஷ் படித்துக்கொண்டிருந்தார். அப்படியிருக்க அந்த வீட்டு வாடகையை நாங்கள் எப்படிக் கொடுத்தோம் என்று கேட்பீர்கள். வருமானம் குறைந்த குடும்பம் வாடகை வீட்டில் இருந்தால், அந்த வாடகையில் பெரும்பங்கை நகரசபை கொடுக்கும். 'பூலிசிக்றிங்' என்று அதற்கொரு நீளமான பெயர் உண்டு. நகரசபையைக் 'கொம்யூன்' என்று சொல்லிப் பழகிய எங்கள் வீட்டில் அது வெறும் 'கொம்யூன் காசு'. முதன்முதலில் அப்பா வந்து இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

"எங்கடை வாடகையை அவையள் கட்டுறதோ? ஏன்? நாங்கள் அவையளுக்கு என்ன முறை?"

"முறையுமில்லைத் தலையுமில்லை. சட்டமப்பா."

"சட்டமெண்டு ஆரும் காசு குடுப்பினமோ? சட்டமெண்டால் பறிக்கிறதெல்லோ!"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வருவது. அம்மாவுக்குச் சீதனமாகக் கல்வீடு கொடுத்திருந்தார்கள். சொந்த வீட்டில் பிறந்து சொந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவருக்கு வாடகை வீடு என்பதே ஒரு கூச்சம். அந்த வாடகையையும் முகம் தெரியாத யாரோ கட்டுகிறார்கள் என்றால் கேட்க வேண்டுமா? "ஆற்றையோ காசிலை இருந்துகொண்டு" என்பது அந்த நாட்களில் அம்மாவின் வாயில் அடிக்கடி வரும். யன்னல் சீலையை இழுத்துவிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டு மெல்லமாக இழுப்பார்.

சரி, அடுப்பில் சாமி ஏறிய கதைக்கு வருகிறேன். மேல்வீட்டில் இருந்தது இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ். ஓர் அறையில் அப்பா, அம்மா, தம்பி, நான் எல்லோரும் படுத்தோம். மனிதர் படுத்தெழும்புகிற அறையில் சாமி வைக்கக்கூடாது. மற்ற அறைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கக்கூஸ், கேட்கவே வேண்டாம். மிச்சம் இருந்தது குசினி. யன்னல் கிழக்குப் பார்த்தது. தண்ணீர் கையெட்டிய தூரத்தில். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அடுப்பு புத்தம் புதிது. கீழ்வீட்டு அம்மா மேல்தளத்தை வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கிப் பூட்டியது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"இந்த நாட்டிலை பண்டி இறைச்சி படாத ஒரே அடுப்பு இதுதான். இதிலை நாங்கள் மீன் பொரிக்கிறதே? சாமியை வைப்பம்."

சமையலுக்கு என்ன செய்வது என்று அப்பா கேட்கவில்லை, ஏனென்றால் அம்மா அதற்கும் வழி கண்டுவிட்டிருந்தார். பின்வளவில் உடுப்புத் தோய்க்கிற கொட்டில் ஒன்று இருந்தது. செங்கல் கட்டி அதில் பெரிய செப்புக் கிடாரம் பதித்து, கீழே விறகு வைக்கிற வாய், புகைபோக ஒரு கூண்டு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கழுவிய தண்ணீர் ஓடக் கானும் இருந்தன. வோஷிங் மெஷின் வந்தபின் யாரும் அதைப் பாவிப்பதில்லை. எங்கள் ஊரில் குசினி வீட்டோடு ஒட்டி இராது. வளவுக்குள் தனிக் கட்டிடமாக இருக்கும். அம்மா அந்தக் கொட்டிலுக்குள் தலையை நீட்டினார், முகமெல்லாம் மலர்ந்தது. "இதெல்லோ குசினி! படுக்கிற அறைக்குப் பக்கத்திலை அடுப்பை வைக்கிறது ஆர் இவைக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

கீழ்வீட்டு அம்மாவிடம் கையாலும் கண்ணாலும் அனுமதி கேட்டார்கள். அவர் கொஞ்சம் திகைத்து, பிறகு தலையாட்டினார். கிடாரத்தின் வாய்க்குக் குறுக்கே அப்பா இரும்புக் கம்பிகள் போட்டுக் கொடுத்தார். மரக்கறிக் கடைக்காரன் எறிகிற பெட்டிப் பலகை விறகாகியது. அன்றிலிருந்து சோறும் கறியும் கொட்டிலில், சாமி குசினியில்.

இலையுதிர் காலம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பனி கொட்டத் தொடங்கியதும்தான் பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் அப்பாவின் ஓவர்கோட், காலில் கீழ்வீட்டு அம்மா கொடுத்த றப்பர் சப்பாத்து, கையில் கம்பளித் துணி சுற்றிய சோற்றுப் பானை, பின்னால் கறிச் சட்டியோடு நான், எனக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு தம்பி என்று வளவைக் கடந்து, படியேறி வருவோம். மேலே வந்து மூடியைத் திறந்தால் ஆவி பறக்காது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "உது பழஞ்சோறெல்லோ" என்பார். "அப்ப நீங்கள் கொட்டிலுக்கை வந்திருந்து சாப்பிடுங்கோ" என்பார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் கனகண்ணை வருவார். எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தனியாள். எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து ஊர். கையில் மீன் பொட்டலத்தோடு வந்து, சோறு தின்று, ஊர்ப் புதினம் எல்லாம் கதைத்துவிட்டுப் போவார். "அக்கா, டென்மார்க்கிலையும் வளவுக்கை அடுப்படி கட்டிப்போட்டியள், இனி ஒரு கிணறுதான் குறை" என்று பகிடி விடுவார். மீன் தலையைச் சூப்பிக்கொண்டே எச்சரிக்கையும் அவர்தான் தந்தார்: புதிதாய் வாடகைக்கு விட்ட மேல்வீடு, ஆகவே கொம்யூனிலிருந்து ஆள் வந்து பார்ப்பான், வீட்டுக்கென்று தனிக் குசினி இருந்தால்தான் காசு தொடரும். அப்பா கையை வீசினார். "குசினி இருக்குத்தானே. பிறகென்ன?"

மார்கழி பிறக்குமுன் அம்மா நேர்த்தியின்படி பிள்ளையாருக்குக் காப்புக் கட்டி விரதம் தொடங்கினார். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு, காலையும் மாலையும் பூசை, மஞ்சள் நூல் மணிக்கட்டில். வீடு கிடைத்ததற்கு நன்றிக்கடன் அது. அம்மாவின் முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் கண்டதில்லை.

விரதத்தின் நடுவில், வெயில் எட்டிப் பார்த்த ஒரு முற்பகலில், கொம்யூன்காரர் வந்தார். பெரிய தாடி, கையால் பின்னிய தடித்த சுவெற்றர், காலில் மரச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தை அவர் தானாகவே படியடியில் கழற்றிவிட்டு ஏறி வந்தது அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அறைகளைப் பார்த்தார், யன்னலைத் திறந்து மூடினார், நல்லது என்றார். பிறகு ஆங்கிலத்தில் குசினி எங்கே என்றார். அப்பா சங்கக்கடைக் களஞ்சியத்தைத் திறப்பதுபோல் கம்பீரமாய்க் கதவைத் திறந்துவிட்டார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை. அடுப்பின் நான்கு தட்டிலும் நான்கு தெய்வம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் செம்பும் பூவும்.

"நீங்கள் இதிலா சமைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"இல்லை, சேர்," என்று அப்பா யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகைந்துகொண்டிருந்த கொட்டிலைக் காட்டினார். "அங்கே. எங்கள் நாட்டில் குசினி வீட்டுக்கு வெளியேதான்."

"அப்படியென்றால் இந்த வீட்டுக்குக் குசினி இல்லை."

"இருக்கிறது, சேர். இப்போதைக்குக் கடவுள் பாவிக்கிறார்."

தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் அப்பா நொந்திருப்பார். அறைக்குத் திரும்பி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். தனிக் குசினி இல்லாத வீட்டுக்குச் சட்டம் காசு கொடுக்காது. கண்டதைத்தான் அவர் எழுதவேண்டும், காணாததை எழுத முடியாது. ஆகவே இன்றைக்கு ஒன்றும் எழுதாமல் போகிறார். வருகிற கிழமை திரும்ப வருவார். வரும்போது இந்த இடத்தில் ஒரு குசினியைக் கண்டால் மிகவும் சந்தோசப்படுவார். எழுந்து போகும்போது குசினி வாசலில் ஒரு கணம் நின்று, பிள்ளையாரைப் பார்த்துத் தலையைச் சற்றே தாழ்த்திவிட்டுப் போனார்.

அவர் இறங்கியதும் எங்கள் வீட்டில் சண்டை மூண்டது.

"இஞ்சேரும், அந்தாள் வாறதுக்கிடையிலை உதெல்லாத்தையும் எடும்."

"காப்புக் கட்டின கையாலை சாமியை எழுப்பச் சொல்லுறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

"காசு நிண்டால் வாடகை இல்லை, வாடகை இல்லாட்டி வீடு இல்லை. திரும்பக் காம்புக்குத்தான். விளங்குதோ?"

"விளங்குது, நல்லாய் விளங்குது. வீட்டைத் தந்தவரை எழுப்பிக் கலைச்சுப்போட்டு வீட்டை வைச்சிருக்கிறதோ?"

அம்மா பூட்டுகிற கதவுக்காகத்தான் விரதம் பிடித்தார். விரதத்தை நடத்தினால் கதவு போய்விடும். எனக்கு அந்த ஹொட்டல் அறைதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

கொம்யூன்காரர் போகும் வழியில் கீழ்வீட்டு அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பின்னேரம் படியில் பாரமான காலடி கேட்டது. எங்களைக் குடிவைத்த நாளிலிருந்து அவர் ஒருமுறையும் மேலே வந்ததில்லை. கதவைத் தட்டி, நின்று, நான் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அடுப்பில் ஏதும் பிழையா?"

எங்கள் அம்மா பனியில் பானை தூக்கிக்கொண்டு வளவைக் கடப்பதை இவ்வளவு காலமும் யன்னலால் பார்த்துப் பார்த்து, தான் வாங்கிய அடுப்பு வேலை செய்யவில்லை, இந்த மனிதர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்து மனம் வருந்தியிருக்கிறார். வாடகைக்கு விடத் தனிக் குசினி வேண்டும் என்றதும், கணவர் விட்டுப்போன சேமிப்பில் வாங்கிய அடுப்பு அது. எங்கள் வாடகை நின்றால் இந்தப் பெரிய வீட்டை வைத்திருக்க அவருக்கும் வழியில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். இனித் தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். அவர் ஏப்ரனில் கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமியாகப் பார்த்தார்.

"இவர் கட்டாயம் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டுமா?" என்று பிள்ளையாரைக் காட்டிக் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். அம்மா நிலத்தைப் பார்த்தபடி, "விரதத்துக்கை சாமியை எழுப்பக்கூடாது. எழுப்பினாலும் இதைவிட நல்ல இடமாய் இருக்கோணும். எங்களிட்டை எங்கை நல்ல இடம்?" என்றார். இதைவிட நல்ல இடம் என்றால் போகலாமாம் என்று நான் பள்ளிக்கூடத்தில் அதற்குள் பழகியிருந்த டேனிஷில் சொன்னேன். கீழ்வீட்டு அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அப்பா தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழே அலுமாரி திறக்கிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம், பிறகு "வாருங்கள்" என்று குரல்.

டேனிஷ்காரர் வீடுகளில் அந்தக் காலத்தில் ஒரு நல்ல அறை இருக்கும். அதில் யாரும் உட்காருவதில்லை. பிறந்தநாளுக்கும், கிறிஸ்துமஸ் என்கிற நத்தாருக்கும் மட்டும் திறப்பார்கள். வெல்வெற் சோபா, கண்ணாடி அலுமாரி, தூசு விழ விடாத தரை. அந்த அறையைத்தான் அவர் திறந்து வைத்திருந்தார். கிழக்கு யன்னலடியில் நின்ற நீள மேசையில் இருந்த பொருட்களையெல்லாம் எடுத்து, கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பை விரித்து, சுருக்கமில்லாமல் நீவியும் விட்டிருந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றைக் கேட்கச் சொன்னார். அந்த நேரத்தில் அதைக் கேட்க எனக்கு வெட்கமாய் இருந்தது. "இந்த அறையிலை மச்சம் சாப்பிடுறவையோ எண்டு கேள்." மச்சம் என்றால் எங்கள் பேச்சில் மீனும் இறைச்சியும். கேட்டேன். கீழ்வீட்டு அம்மா யோசித்தார்.

"நத்தாருக்கு மட்டும். மகள் குடும்பம் வரும். வாத்துப் பொரியலை இந்த அறையில்தான் வைத்துச் சாப்பிடுவோம்." அதற்குப் பிறகு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், "இந்த வருடம் குசினியில் சாப்பிடுவோம்" என்றார்.

நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. எட்டிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கீழ்வீட்டு அம்மாவுக்கு யாரும் கை பிடிப்பது பழக்கமில்லை; கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுக்கொண்டு நின்றார்.

இடம் கிடைத்தாலும், காப்போடு சாமியை எழுப்புவதா என்ற தயக்கம் அம்மாவை விடவில்லை. அதைத் தீர்த்து வைத்தவர் ஞாயிற்றுக்கிழமை வந்த கனகண்ணை. விரதத்துக்காக மீனை விட்டுவிட்டுத் தோடம்பழத்தோடு வந்திருந்தார்.

"என்னக்கா நீங்கள், எழுப்பிறது எண்டு ஏன் நினைக்கிறியள்? ஊரிலை திருவிழாவுக்குச் சாமி வெளியிலை வாறேல்லையே? வழியிலை ஆரும் மண்டகப்படி வைச்சால் இறங்கி இருக்கிறேல்லையே? கீழ்வீட்டு அம்மா மண்டகப்படி வைக்கிறா, பிள்ளையார் போய் இருக்கப்போறார். அவ்வளவும்தான்!"

அம்மா கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. "அப்ப முறையாய்ச் செய்யோணும். சும்மா பெட்டி தூக்கிற மாதிரித் தூக்கேலாது."

அப்படித்தான் எங்கள் படிக்கட்டில் திருவிழா நடந்தது. கீழ்வீட்டு அம்மா விருந்தாளிகளுக்குக் கோப்பி கொண்டுவருகிற வெள்ளித் தட்டில் பிள்ளையார். தட்டு அப்பாவின் தோளில். முன்னால் கனகண்ணை மணி அடித்துக்கொண்டு போனார். சாமிக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தான். அந்தக் குறுகின படியில் குடை பாதிதான் விரிந்தது, விரிந்த பாதி அப்பாவின் கண்ணைக் குத்தப் பார்த்தது. "கோதாரி, கவனமடா!" என்று சாமியைத் தோளில் வைத்துக்கொண்டே அப்பா பேசினார். மற்றச் சாமிகளை ஏந்திக்கொண்டு நானும் அம்மாவும் தேவாரம் பாடியபடி இறங்கினோம். கீழே, தேவாலயத்துக்குப் போகிற கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் முத்துமாலையோடு, இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்தபடி கீழ்வீட்டு அம்மா நின்றார். யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

அன்றைக்கே அப்பா பியூஸை எடுத்துப் பூட்டினார். அம்மா முதலில் பால் வைத்தார். மின்சாரத் தட்டின் சூடு பழக்கமில்லாததால் அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, வீடெல்லாம் மணந்தது. யாரும் குறைசொல்லவில்லை.

தாடிக்காரர் சொன்ன நாளில் வந்தார். மரச் சப்பாத்து படியடியில் கழன்றது. குசினியில் அம்மா விரதத்துக்கு மோதகம் அவித்துக்கொண்டு நிற்க, ஆவி யன்னலை மூடியிருந்தது. அவர் அடுப்பைப் பார்த்தார், குழாயைத் திருகினார், சிரித்தார். இம்முறை தாராளமாகவே சிரித்தார். கடவுள் எங்கே என்று கேட்டார்.

"கீழே குடிபோய்விட்டார், சேர். அவருக்கு வாடகை கிடையாது."

மோதகத்தைக் கையில் வாங்கி, எந்தப் பக்கத்தால் கடிப்பது என்று தெரியாமல் உருட்டிப் பார்த்து, ஒரேயடியாய் வாய்க்குள் போட்டார். காலுறையோடு நின்றபடி இன்னொன்றும் கேட்டுச் சாப்பிட்டார். காசு தொடரும் என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லத் தொடங்க, தனக்கு நன்றி வேண்டாம், இது அவர் கொடுப்பதல்ல, இந்த ஊரில் வரி கட்டுகிற எல்லோரும் சேர்ந்து கொடுப்பது என்றார். அவர் போனபின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவாம் சொன்னவர்? ஆர் குடுக்கினமாம்?"

"எல்லாருமாம் அம்மா. வேலை செய்யிற எல்லாரும்."

"அந்தப் பேக்கரிப் பொம்பிளையுமோ?"

"ஓம்."

"அந்த மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிற தபால்காரனுமோ?"

"ஓம் அம்மா, அவரும்தான்."

மறுநாளிலிருந்து அம்மாவின் நடப்பு மாறிவிட்டது. ரோட்டில் எதிரே வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்காமல் ஓரமாய்ப் போய் வந்தவர், கண்டவர் எல்லோருக்கும் தலையசைத்துச் சிரிக்கத் தொடங்கினார். பேக்கரிப் பெண்ணுக்கு, பஸ் சாரதிக்கு, பனி வழிக்கிற ஆளுக்கு, பால்வண்டிக்காரனுக்கு. அப்பாவுக்கு மானம் போனது. "ஏனப்பா ரோட்டிலை போறவன் வாறவனைப் பாத்தெல்லாம் இளிக்கிறீர்?" என்றார்.

"அவையின்ரை காசிலை ஒவ்வொரு ஓடு எங்கடை கூரையிலை இருக்கு. கண்டும் காணாமல் போறதே?" என்றார் அம்மா.

தபால்காரன்தான் கடைசிவரை மசியவில்லை. ஆனாலும் ஒரு நாள், படியில் நின்று அம்மாவின் சிரிப்பைத் தாங்க முடியாமல், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். அன்று பகல் முழுக்க அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நத்தாருக்கு முன்பே காப்பு அவிழ்ந்தது. சாமியை மேலே எடுக்க அம்மா போனபோது, இருக்கட்டும், தொந்தரவு இல்லை என்றார் கீழ்வீட்டு அம்மா. சொன்னபடியே அந்த நத்தாருக்கு மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் குசினி மேசையைச் சுற்றி முழங்கை இடிக்க உட்கார்ந்து வாத்து சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு எஸ்பியர்க்கில் நிரந்தர வேலை கிடைத்து நாங்கள் வீடு மாறும்வரைக்கும் பிள்ளையார் அந்த நல்ல அறையில்தான் இருந்தார். கொட்டிலில் மீன், மேலே மரக்கறி, கீழே பூசை என்று எல்லாம் ஒழுங்காய் நடந்தது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் குளிர்கிறது. அப்படி ஒரு பாதுகாப்பை நான் பிறகு எங்கேயும் உணர்ந்ததில்லை.

இப்போது அப்பா இல்லை. கனகண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். கீழ்வீட்டு அம்மா காலமானதும் மகள் வீட்டை விற்றுவிட்டார். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கொட்டில் இடிந்து கார் விடுகிற இடமாகியிருந்தது. மேல்தளமும் கீழ்த்தளமும் ஒரே குடும்பத்துக்கான ஒரே வீடாகிவிட்டன. எங்கள் குசினி இருந்த இடம் குளியலறையாம். அங்கே இருந்த இளம் பெண் சொன்னாள். பேக்கரி மூடிக் கிடந்தது. ரயில் மேடையில் யாருமில்லை.

அதே வருடம்தான் நானும் என் கணவரும் தலைநகருக்குப் பக்கத்தில் இஷொயில் வீடு வாங்கினோம். சின்ன வளவோடு வரிசை வீடு. பால் காய்ச்ச அம்மாவைக் கூட்டி வந்தோம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு அறையாய்ப் போனார், யன்னல் சீலையைத் தொட்டார், அடுப்பைத் தடவினார், என் பிள்ளைகள் டேனிஷில் சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கடைசியில் கதிரையில் இருந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நல்ல வீடு பிள்ளை. இதுக்கு ஆர் உதவினது?"

"ஒருத்தரும் இல்லையம்மா," என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "பாங்கிலை கடன், எங்கடை ரெண்டுபேரின்ரை சம்பளம். ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை."

"ஒருத்தருமே இல்லையோ? கூரையிலை ஒரு ஓடுகூட வேறை ஆற்றையும் இல்லையோ?"

"இல்லையம்மா."

அம்மா என் கன்னத்தைத் தடவினார்.

"பாவம் பிள்ளை நீ," என்றார்.